மூன்று மணி பத்துக்குச் சொன்ன ‘ம்’

என்னிடம் சில காலம் வேலை பழகியவர் ஒருவர் இப்போது வேறு ஊரில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். சென்ற மாதம் அவர் எனக்கு ஒரு படிவத்தை அனுப்பியிருந்தார். சரக்கு கெட்டுப்போனாலோ யாருக்காவது அடிபட்டாலோ நிரப்பவேண்டிய படிவம். ‘எப்படி நேர்ந்தது?’ என்ற கேள்விக்குக் கீழே மூன்று கட்டங்கள்: இயந்திரக் கோளாறு, மனிதத் தவறு, மற்றவை. ஒன்றில் டிக் அடித்தால் போதும். எழுத இடமே இல்லை. உங்கள் காலத்தில் இதற்கு இரண்டு பக்கம் எழுதுவீர்களாமே, எப்படி எழுதினீர்கள் என்று கேட்டிருந்தார். கூடவே இன்னொரு கேள்வி. ஓய்வு கிடைக்கும்போது தன் அனுபவங்களை எழுதிப் பார்க்கிறாராம். எதை எழுதினாலும் லீவு லெட்டர் மாதிரியே வருகிறதாம். நடந்ததை நடந்தபடி எழுத நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்பது அந்தக் கேள்வி.

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அது ஒரே எழுத்து. ஆனால் அதைச் சொல்ல இத்தனை பக்கம் ஆகிவிட்டது.

முதலில் ஒரு விஷயம். 1958 முதல் ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாவற்றுக்கும் தேதி என்னிடம் உண்டு. ஆனால் தேதிகளை இங்கே தரவில்லை, ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். எங்கள் ஊரில் தேதியைச் சொன்னால் அன்று எந்த ஷிப்டில் யார் இருந்தார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் நாலு பேராவது உயிரோடு இருக்கிறார்கள்.

1961இல் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் மண் கரைத்தேன். அதன்பின் ஒரு வருஷம் அச்சுப் பிரிவு. ஊறுகாய் ஜாடி, கப்பு சாசர், மின்கம்பத்துக்கான இன்சுலேட்டர் என்று எல்லாவற்றிலும் கை வைத்து, எதிலும் தேறவில்லை. என் கையெழுத்து நன்றாக இருந்ததால் 1963இல் சூளைக் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தார்கள். குறிப்பேடு எழுதுபவருக்கு அங்கே ‘ரைட்டர்’ என்று பெயர். அன்றிலிருந்து என் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வேலை முடிந்ததும் நேராக நூலகம் போவேன். நூலகர் பூட்டைக் கையில் எடுத்தபிறகுதான் கிளம்புவேன். ‘ரைட்டர்’ என்று யாராவது கூப்பிட்டால் அதற்கு வேறொரு அர்த்தமும் இருப்பதாக எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சூளையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். வட்டமான கட்டடம், கரி போட்டு எரிப்பது. சரக்கைச் சுடுமண் பெட்டிகளுக்குள் வைத்து, பெட்டிமேல் பெட்டியாகக் கூரைவரை அடுக்கி, வாசலைச் செங்கல்லால் மூடிச் சேறு பூசுவார்கள். பிறகு இரண்டு நாள் எரியும், மூன்று நாள் ஆறும். ஆறுவதுதான் கஷ்டம். உள்ளே சூடு இருக்கும்போது வாசலைப் பிரித்தால் குளிர்காற்று பட்டு, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விழுந்துவிடும். அதனால் ஒரு விதி இருந்தது. சூட்டுமானியின் முள் இருநூறுக்குக் கீழே வந்தபிறகுதான் மேல் நாலு வரிக் கல்லை எடுக்கலாம். அதற்கு ரைட்டர் வாயால் உத்தரவு சொல்லவேண்டும். அந்த முள் என் மேசைக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. அரை மணிக்கு ஒரு தடவை அதைப் பார்த்து எழுதுவதுதான் என் வேலை.

விதிப்புத்தகத்தில் இல்லாத வழக்கம் ஒன்றும் உண்டு. மூடின கைதான் பிரிக்கவேண்டும். எந்தச் சூளைக்காரர் வாசலை மூடிச் சேறு பூசினாரோ, அவரே முதல் கல்லையும் எடுக்கவேண்டும். ஷிப்டு முடிந்தாலும் சூடு இறங்கும்வரை இருந்து, எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். இதை யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

எங்கள் சூப்பரிண்டெண்டெண்ட் என்னைவிட நாலு வயதுதான் பெரியவர். டிப்ளமோ படித்தவர். எந்த அறிக்கையையும் உட்கார்ந்து படிக்கமாட்டார். ஜன்னலோரம் நின்று, காகிதத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பார். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம் உள்ள பென்சில் சட்டைப் பையில் இருக்கும். எழுதியவர் நேரில் பார்க்காத சங்கதி என்றால் நீலக் கோடு. பார்த்ததுதான், ஆனால் தேவையில்லை என்றால் சிவப்புக் கோடு. “பார்த்ததா, கேட்டதா, நெனச்சதா?” என்று வாக்கியத்துக்கு வாக்கியம் கேட்பார். ‘பலத்த சத்தம்’ என்று எழுதினால் எத்தனை அடி தூரத்துக்குக் கேட்டது என்பார். ‘திடீரென்று’ அவருக்கு ஆகவே ஆகாது. எல்லாம் திடீர்னுதான் நடக்குது, அதை எதுக்கு எழுதணும் என்று அடித்துவிடுவார்.

அவருடைய இன்னொரு விதி, அறிக்கையில் ‘நான்’ என்ற சொல் வரக்கூடாது. பார்க்கப்பட்டது, கண்டறியப்பட்டது, அடுக்கப்பட்டது என்றுதான் எழுதவேண்டும். தொழிற்சாலையின் காகிதம் தொழிற்சாலை பேசுவதுபோல் இருக்கவேண்டும் என்பது அவர் வாதம். எனக்கு அது பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பதும் ஏன் பிடித்திருந்தது என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது.

1969, சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை. இரண்டாம் நம்பர் சூளை ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே முழுக்க இன்சுலேட்டர். வாசலை மூடியவர் ராயப்பன். கருவேப்பிலங்குறிச்சிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சூளை வேலையில் எங்களிடம் அவரைப்போல் இன்னொருவர் கிடையாது. பிற்பகல் மூன்று மணிக்கு முள் 310 காட்டியது. எழுதினேன். எழுதிவிட்டு மடியில் இருந்த பயண நூலைத் திறந்தேன். நூலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அது ஒரு தப்பும் செய்யவில்லை.

மூன்று மணி பத்துக்கு ராயப்பன் என் அறை வாசலில் வந்து நின்றார். என்னவோ சொன்னார். நான் “ம்” என்றேன். அவர் போய்விட்டார்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கதை கேட்கும்போது ‘ம்’ கொட்டுகிறோம். அதற்கு, சொல்லு, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். சரி என்பதற்கும் அதே ‘ம்’தான். காதில் எதுவும் விழவில்லை, ஆனால் தொந்தரவு செய்யாதே என்பதற்கும் அதுவேதான். உதட்டைத் திறக்காமலே வந்துவிடுகிற ஒரு சத்தம்.

மூன்றரைக்கு முள் 240. எழுதினேன். நாலு மணிக்கு ராயப்பன் ஷிப்டு முடித்துப் போனார். அடுத்த ஷிப்டுக்காரர் நாலே காலுக்கு ஓடிவந்தார். சூளை வாசலில் மேல் நாலு வரியும் இல்லை, உள்ளே ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்கிறது என்றார். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். கல்லை ஒழுங்காகச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார். ராயப்பன் எதையும் ஒழுங்காகத்தான் செய்வார்.

செவ்வாய்க்கிழமை சரக்கு வெளியே வந்தது. எங்களிடம் சரக்கைச் சோதிக்கத் தனிக் கொட்டகை உண்டு. அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வோர் உருப்படியையும் மரச்சுத்தியால் தட்டிப் பார்ப்பார்கள். நல்லது கணீர் என்னும். விரிசல் விட்டது டொக் என்னும். அன்று காலை முழுக்க அந்தக் கொட்டகையிலிருந்து டொக், டொக் என்றே கேட்டது. தட்டிக்கொண்டிருந்தவர்களில் ராயப்பனின் மனைவி லூர்துமேரியும் ஒருவர்.

அன்று பிற்பகலே விசாரணை. ராயப்பன் சொன்னது இரண்டே வாக்கியம். பிரிக்கலாமா என்று ரைட்டரிடம் கேட்டேன், ரைட்டர் ‘ம்’ என்றார். சூப்பரிண்டெண்டெண்ட் என் பக்கம் திரும்பி, உத்தரவு கொடுத்தீர்களா என்று கேட்டார். நான் உத்தரவு எதுவும் கொடுக்கவில்லை என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

அறிக்கை எழுதவேண்டியவனும் நானே. ‘உத்தரவு எதுவும் வழங்கப்படாத நிலையில் வாசல் பிரிக்கப்பட்டது. அதன் விளைவாகச் சரக்கு சேதப்பட்டது’ என்று எழுதினேன். சூப்பரிண்டெண்டெண்ட் ஜன்னலோரம் நின்று படித்தார். இரண்டு முனையாலும் ஒரு கோடு விழவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. மறுநாள் ராயப்பனுக்கு மெமோ வந்தது. ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று ஏழு நாளுக்குள் பதில் சொல்லவேண்டும். அதுவரை கேட்டுக்குள் வரக்கூடாது.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். லூர்துமேரி தூக்குவாளியோடு வந்து பக்கத்தில் நின்றார். அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

“நீங்க எழுதினத மெமோவோட வச்சு அனுப்பியிருந்தாங்க. எங்க மவ படிச்சுக் காட்டுனா. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க.”

கழுவின கையையே மறுபடியும் கழுவினேன்.

“ஆனா ரைட்டரே, அதுல வாசலு தானா தொறந்துகிட்ட மாதிரி இருக்குது. யாரு கேட்டா, யாரு என்னா சொன்னா, ஒண்ணுமே இல்ல. அதுல அவரும் இல்ல, நீங்களும் இல்ல. பிரிக்கப்பட்டது, சேதப்பட்டதுன்னு வரிக்கு வரி பட்டது பட்டதுன்னு போட்டிருக்கீங்க.” தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்தார். “பட்டது நாங்கதான்.”

அவர் போனபின்பும் குழாயை மூடத் தோன்றாமல் நின்றிருந்தேன். இலக்கணப் புத்தகங்கள் எத்தனையோ படித்திருக்கிறேன். செயப்பாட்டுவினையைப் பற்றி அதற்குமேல் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ‘நான்’ இல்லாமல் எழுதுவது எனக்கு ஏன் அவ்வளவு பிடித்திருந்தது என்பது அப்போது விளங்கிற்று. ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே அறைக்குப் போய் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ‘மிகுந்த மன வேதனையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ என்று தொடங்குகிறது. ‘வாசிப்பில் ஆழ்ந்திருந்த காரணத்தால் எனக்குத் தெரியாமலேயே ம் என்று சொல்லியிருக்கக்கூடும்’ என்று போகிறது. படித்துப் பார்த்தேன். என் வேதனை ஒரு பத்திக்கு இருந்தது. ராயப்பன் ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டுப் போனார். ‘கூடும்’ என்று எதற்குப் போட்டேன்? சொன்னேனா இல்லையா? சொன்னேன். ‘தெரியாமலேயே’ என்பது உண்மையா? என் உதடு அசைந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டையும் அடித்தேன். ‘ம் என்றேன்’ என்று எழுதினேன். அந்த இரண்டு சொல்லை எழுத ஒரு மணி நேரம் ஆனது.

ஒன்பது மணிக்கு அதைச் சூப்பரிண்டெண்டெண்டிடம் கொடுத்தேன். ஜன்னலுக்குப் போனார். ஒரு தடவை படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“ரிப்போர்ட்ல ‘நான்’ வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.”

“ம் சொன்னது நான்தான் சார். அந்த எடத்துல வேற யாரையும் போட முடியல.”

பென்சிலை எடுத்தார். ‘மிகுந்த மன வேதனையுடன்’ என்பதைச் சிவப்பில் அடித்தார். கடைசியில் நான் மன்னிப்புக் கேட்டிருந்த பத்தி முழுவதையும் சிவப்பில் அடித்தார். ‘ராயப்பன் நல்லெண்ணத்துடனேயே செய்தார்’ என்ற வரியில் நீலம் விழுந்தது. அவர் எண்ணத்த நீங்க பார்த்தீங்களா என்று கேட்டார். ‘நான்’களை அடிக்கவில்லை. பிறகு குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லி, சனிக்கிழமைப் பக்கத்தைப் பிரித்து, விரலை வைத்தார்.

“மூணு மணிக்கு முந்நூத்திப் பத்து. மூன்றரைக்கு இருநூத்தி நாப்பது. அரை மணியில எழுபது எறங்குமா? இத எழுதினப்ப நீங்க என்ன செஞ்சீங்க? அது இதுல காணோமே.”

அது காணாமல்தான் போயிருந்தது. நின்றுகொண்டே அவர் மேசையில் வைத்து எழுதினேன்: ‘மூன்றரைக்கு 240 என்று எழுதினேன். ஏன் இவ்வளவு இறங்கியது என்று கேட்கவில்லை. புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன்.’ அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ராயப்பனை எச்சரிக்கையோடு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். என்னிடமிருந்து குறிப்பேட்டை வாங்கி, வைக்கோல் வைத்து ஜாடி கட்டும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். பதினோரு மாதம் அங்கே இருந்தேன். அங்கேயும் ரைட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள், கொஞ்சம் சிரித்துக்கொண்டு. திரும்பச் சூளைக்கு வந்தபின் ராயப்பன் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். வாசலில் நின்று கேட்டுவிட்டு, நான் தலையை நிமிர்த்தி, பேனாவைக் கீழே வைத்து, முழு வார்த்தையாகச் சொல்கிறவரை நகரமாட்டார். ஒரு தடவை மறதியாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டேன். “வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?” என்றார்.

கொட்டகையில் இருந்த மாதங்களில்தான், நாட்குறிப்பின் நாலு வரியோடு நிற்காமல், எனக்காக விரிவாக எழுதத் தொடங்கினேன். அன்றன்று பார்த்ததை, யார் என்ன சொன்னார்கள் என்பதை, நான் என்ன செய்தேன் என்பதையும் சேர்த்து. 1974இல் எங்கள் தொழிலாளர் மன்றத்தில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினோம். முதல் இதழுக்கு இந்தச் சூளைக் கதையை எழுதினேன். ஆறு பக்கம். என் தப்பை எதையும் மறைக்காமல் எழுதியிருந்தேன். மன்றத்தில் இரண்டு பேர் படித்துவிட்டு, இப்படி எழுத ஒரு துணிச்சல் வேண்டும் என்றார்கள். அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

இதழில் ஏற்றுவதற்குமுன் ராயப்பனிடம் படித்துக் காட்டுவதுதான் முறை என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து வந்திருப்பார்கள் என்று கணக்குப்போட்டு, கருவேப்பிலங்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். ராயப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். லூர்துமேரி உள்ளே அடுப்பில் இருந்தார். படிக்க ஆரம்பித்தேன். வரிக்கு வரி ராயப்பன் “ம்” கொட்டினார். மண் கரைத்ததற்கு ஒரு ம், சூளை ஆறுவதற்கு ஒரு ம். மூன்று மணி பத்துக்கு வந்தேன். ‘பிரிக்கலாமா என்று அவர் கேட்டது என் காதில் விழவேயில்லை. அவரோ என்னை நம்பினார்’ என்று படித்தேன்.

ம் வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எடத்த இன்னொரு தரம் படிங்க என்றார். படித்தேன்.

“அது அப்படி இல்ல ரைட்டரே.”

பிறகு மெதுவாகச் சொன்னார். அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் அவர் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் விருத்தாசலத்தில் தையல்காரரிடம் இருந்தது. ஆறு மணிக்குக் கடை மூடிவிடும். சூளை இருநூறுக்கு இறங்க எப்படியும் எட்டு ஆகும் என்று அவருக்குத் தெரியும். மூடின கை அவருடையது, வேறு யாரும் பிரிக்கமாட்டார்கள்.

“வந்து நின்னப்பவே பார்த்தேன். உங்க கண்ணு பொஸ்தகத்துலதான் இருந்துச்சு. ம்னீங்க. அது கேக்காத ம்னு எனக்குத் தெரியும். இன்னொரு தரம் கேட்டா நிமிந்து பார்த்து வேணாம்னு சொல்லிடுவீங்க. அதான் கேக்கல.”

நான் சொன்ன ‘ம்’முக்கும் அவர் இதைச் சொன்னதற்கும் நடுவில் ஐந்து வருஷம் இருந்தது. விசாரணையில் அவர் சொன்ன இரண்டு வாக்கியமும் என் ஒரு வாக்கியத்தைப் போலவேதான், ஒரு சொல்லும் பொய்யில்லை. அவருடைய எண்ணத்தைப் பார்க்காமலே ‘நம்பினார்’ என்று நான் எழுதியிருந்தேன். நீலப் பென்சில் அங்கே இருந்திருந்தால் அடித்திருக்கும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருந்த ஆறு பக்கத்தில் தப்புக்காரன் நான், நல்லவன் ஆனவனும் நான். ராயப்பனுக்கு நான் விட்டுவைத்தது ஒரு ஏமாளியின் இடம்.

இதை வெளியில் சொல்லமாட்டேன், கதையையும் கிழித்துவிடுகிறேன் என்றேன்.

“ஏன் கிழிக்கணும்? இதையும் எழுதுங்க. நீங்க ஒருத்தரே நல்லவரா இருந்துடாதீங்க.”

உள்ளேயிருந்து லூர்துமேரியின் குரல் வந்தது. “அந்தக் கவுனு தொளதொளன்னு ரெண்டு ஆளு போடற மாதிரி இருந்துச்சு. அதையும் எழுதச் சொல்லுங்க. அதுக்குத்தான இத்தன பாடு.”

அங்கேயே முழங்காலில் காகிதத்தை வைத்து, ‘நம்பினார்’ வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடி கீழே எழுதினேன். கவுனையும் எழுதினேன். படித்துக் காட்டினேன். இந்தத் தடவை அவர் ம் கொட்டவில்லை. இதழில் போடலாமா என்று கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்துக் காத்திருந்தேன்.

ராயப்பன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“போடுங்க. ம் இல்ல ரைட்டரே. போடுங்கன்னு வாயால சொல்றேன்.”